குழாயடியிற் கற்ற தமிழ்

“உமக்கு எந்த ஊர்?” என்று வினவுவது நம்மவரிடையே நெடுநாளாக நிலவும் வழக்கம். பெயரைக் கேட்குமுன் ஊரைக் கேட்போரும் உளர். அவர்கள் எதிர்பார்க்கும் விடை கரவெட்டி, ஏழாலை, காரைதீவு என்றாற்போல ஒன்று. ‘கொழும்பு’ என்றால் அதனை ஊராக ஏற்கமாட்டார்கள். “அது இருக்கட்டும், சொந்த ஊர் எது?” என்று மீண்டும் கேட்பார்கள். இவ்வினாவுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் நேரான விடை கூறியதில்லை. “பாட்டனார் தூத்துக்குடிப் பக்கத்தவர்” என்பேன். அல்லது கேட்டவருடைய ஊரைப் புகழ்ந்து பேச்சை வேறு வழியில் திருப்பிவிடுவேன். விடை எட்டு வகைப்படும் என்பது நன்னூல். அந்த எட்டினுள்ளும் அடங்காத விடைகளைச் சொல்லியே காலத்தைக் கழித்தேன் எனலாம்.

சென்ற மாதம் எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி ‘என் அயல்’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். அவள் மாடிக்குடியிருப்பு ஒன்றில் வாழ்பவள். “ஐந்தாம் மாடி ஆச்சி எங்களுக்குச் சோறு தருவார்” என்று ஒரு வாக்கியம். ஆச்சி என்பவர் உறவினர் அல்லர் என்பது அடுத்த வரியிலே தெரிந்தது. வழக்கம்போலச் சிவப்பு மையினால் ‘ஆச்சி’ என்பதை அடித்து, மேலே ‘அயலவர்’ என்று எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

தோட்டம் என்னும் பெயர்

நான் 1970ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையிலே ஒரு தோட்டத்திற் பிறந்தவன். கொழும்பை அறியாத வாசகர்கள் தோட்டம் என்றதும் மரஞ்செடிகளை நினைத்தல் கூடாது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தையும் நினைத்தல் கூடாது. ஒடுங்கிய சந்து ஒன்றின் வழியே உள்ளே நுழைந்தால், இரு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள். நடுவே ஒரு முற்றம். முற்றத்தின் கோடியில் ஒரு குழாய். அதற்கப்பால் பொதுக் கக்கூசுகள். இதுவே கொழும்பு வழக்கில் தோட்டம். எங்கள் தோட்டத்தில் வீடுகள் இருபத்திரண்டு, குழாய் ஒன்று, கக்கூசு மூன்று.

இப்பெயர் வந்த வரலாறு நினைக்கத்தக்கது. முன்னொரு காலத்திற் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் செல்வர் வாழ்ந்த பகுதிகள். 1875ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அணை எழுந்தபின் காலித் துறையை விட்டுக் கப்பல்கள் கொழும்பை நாடின. கப்பல் பெருகவே சுமை பெருகிற்று. சுமை பெருகவே சுமப்போர் பெருகினர். நிலக்கரித் தூசும் வண்டிகளின் இரைச்சலும் மிகுந்தபோது செல்வர் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்தம் மாளிகைகளைச் சூழ்ந்திருந்த வளவுகளிலே தொழிலாளர்க்கென வரிசை வீடுகள் எழுந்தன. மரங்கள் போயின, தோட்டம் என்னும் பெயர் மட்டும் நிலைத்தது.

எங்கள் சந்தைவிட்டு வெளியே வந்தால், காற்றின் திசைக்கேற்பப் புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசையோ, சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லினாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் மணியோசையோ கேட்கும். 1885ஆம் ஆண்டு வெசாக் நாளிலே பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பெற்ற தீபதுத்தாராமய விகாரையும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது. 1757ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயமும் அவ்வாறே. பள்ளிவாசலின் பாங்கொலி கேட்டு எழுந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் எல்லாச் சமயத்தவரும் ஆவர். ஏனெனில், அவ்வேளையிலேதான் குழாயில் நீர் விசையுடன் வரும்.

குழாயடி

குழாயடிக்கு எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. வாளி நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. வாளி இல்லாதோர் ஒரு சிரட்டையையோ செங்கல்லையோ வரிசையில் வைத்தாலும் போதும். எவரும் அதனை நகர்த்தார். பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் வரிசை இல்லை. அந்த வீட்டு வாளி தானே முன்னே செல்லும். எடுத்துச் செல்வதற்கு அவ்வீட்டார் வரவேண்டுமென்பதும் இல்லை.

அங்கே நின்றவர்கள் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையார் போன்ற தென்பாண்டி நாட்டு வழியினர், செட்டியார் தெரு நகைக்கடைகளில் ஏவல் புரிந்தோர், மாநகர சபையின் துப்புரவுத் தொழிலாளர், மலையாளி ஒருவர், மலாய்க் குடும்பம் ஒன்று, தையல் இயந்திரத்தால் வாழ்ந்த இசுலாமியக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடையொன்றிற் கணக்கெழுதிய முதியவர், நான்கு சிங்களக் குடும்பங்கள்.

கிணற்றடியிலே சாதி பார்த்த ஊர்களிலிருந்து வந்தோரும் இவர்களுள் இருந்தனர். மற்றவர் தொட்ட குழாயைச் சாம்பலிட்டுக் கழுவிய பின்னரே தண்ணீர் பிடிப்பாராம் ஒரு மூதாட்டியார். அவர் கழுவி முடிப்பதற்குள் நீர் நின்றுவிடும். பின்னால் நிற்போர் கூச்சலிடுவர். சில ஆண்டுகளிற் சாம்பற் சட்டி மறைந்தது என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். அறிவுரையினால் அது நிகழ்ந்ததன்று. கிணற்றை ஆளுக்கொன்றாக வெட்டலாம். ஒரே குழாயைப் பிரிக்க இயலாது.

எங்கள் வீட்டு வாளிக்கும் ஒரு கதை உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. மலைநாட்டவரைப் பற்றியே நாம் மிகுதியும் பேசுகின்றோம். கொழும்புத் தோட்டங்களிலிருந்தும் பலர் அக்கணக்கிற் சென்றனர். எங்களுக்கு மூன்றாம் வீட்டார் 1978இல் தலைமன்னார் வழியே கப்பலேறினர். தாம் ஒருநாளும் கண்டிராத ஊருக்கு அவர்கள் சென்றார்கள். செல்லும்போது தங்கள் தகர வாளியை எங்களிடம் விட்டுச் சென்றார்கள். அதனைச் சுமந்தே நான் வளர்ந்தேன்.

தந்தையார் மழைநாளொன்றில் வழுக்கி விழுந்து கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். அம்மாதம் தோட்டத்துச் சீட்டுக் குலுக்கலில் எங்கள் பெயர் விழுந்தது. தெய்வச் செயல் என்று தாயார் கோயிலுக்கு விளக்கேற்றினார். பன்னிரண்டு சீட்டிலும் எங்கள் பெயரே எழுதப்பட்டிருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிய வந்தது.

தாத்தா யார்?

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். இப்பாகுபாட்டை நான் கல்லூரியிலே படித்தபோது திசைச்சொல்லுக்கு உரையாசிரியர் காட்டிய சான்றுகளை மனனஞ் செய்தேன். ஆயின், அதற்குப் பல ஆண்டு முன்னரே திசைச்சொல்லின் நடுவே நின்று தண்ணீர் பிடித்தவன் நான். பாண், கதிரை, அலுமாரி, சப்பாத்து, குசினி என்பன போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தருடையவை. இவற்றுட் பல தமிழர் வாயிலும் சிங்களவர் வாயிலும் சிறிதே திரிந்து வழங்குகின்றன. எங்கள் பகுதியின் பெயரே இதற்குச் சான்று. தமிழில் சேனை என்பது சிங்களத்தில் ஹேன; காடு வெட்டிப் பயிர் செய்யும் நிலத்தை இரண்டும் குறிக்கும்.

முறைப்பெயர்களே பெரும் வேடிக்கை. குழாயடியில் நின்று ஒருவர் “தாத்தா!” என்று அழைத்தால் மூவர் திரும்பிப் பார்ப்பர். எங்களுக்குத் தாத்தா பாட்டனார். சிங்களப் பிள்ளைகளுக்குத் தாத்தா தந்தை. இசுலாமியப் பிள்ளைகளுக்குத் தாத்தா மூத்த சகோதரி. ஐயா என்பதும் அத்தகையதே. கணக்கெழுதும் முதியவரின் மக்கள் தம் தந்தையை ஐயா என்றனர். சிங்களச் சிறுமி தன் தமையனை ஐயா என்றாள். நாங்கள் ஆசிரியரை ஐயா என்றோம். இத்தனைக்கும் எவரும் மயங்கியதில்லை. அழைக்கும் குரலைக் கொண்டே அழைக்கப்பட்டவர் யார் என்று தெரிந்துகொண்டோம். அக்கா, மாமா, மச்சான் என்பவற்றுக்கோ அந்தச் சிக்கலும் இல்லை. இரு மொழியிலும் அவை ஒன்றே.

ஆச்சி என்பதும் அப்படி இரு மொழிக்கும் பொதுவான சொல். எங்கள் தோட்டத்தில் ஆச்சி என்றால் ஒருவரையே குறிக்கும். குழாய்க்கு அடுத்த வீட்டிலிருந்து விடியலில் ஆப்பம் சுட்டு விற்ற சிங்கள மூதாட்டி அவர். ஏழு வயதில் வாளியோடு வந்து நின்ற எனக்கு அவரே சிங்கள ஆசான். வாளியைச் சிங்களத்திற் ‘பால்திய’ என்பர். ‘பால்தே’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு அது. முதலெழுத்தை ‘பாரதம்’ என்பதில் வடநாட்டார் ஒலிப்பது போல மெலிதாக ஒலித்தல் வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த நா அவ்விடத்தில் வகரத்தை நாடும். நான் ‘வால்திய’ என்பேன். “வால் குரங்குக்குத்தான், தம்பி!” என்று ஆச்சி சிரிப்பார். சரியாகச் சொன்னால் ஓர் ஆப்பம். சில மாதத்தில் என் நா திருந்திற்று. அன்றுமுதல் ‘பால்திய’ என்பதே அவர் எனக்கு இட்ட பெயருமாயிற்று.

அந்த ஒரு சொல்

1983 ஜூலை 24ஆந் திகதி இரவு பொரளையில் மூண்ட வன்செயல் மறுநாள் திங்கட்கிழமை நகரெங்கும் பரவிற்று. எனக்கு வயது பதின்மூன்று. பாடசாலையை இடையில் கலைத்துவிட்டார்கள். புகை எழுவதைக் கண்டு என்ன செய்வதென்று அறியாமல் வாயிலில் நின்றேன். அங்கே ஆச்சி வந்தார். ஆப்பச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, எவரும் சொல்லாமலே வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வழியில் இளைஞர் சிலர் மறித்தனர். அவர்களுள் ஒருவன் மூடியிருந்த கடையொன்றின் வாசலிற் கிடந்த வாளியைக் காட்டி, “இது என்ன?” என்று என்னைக் கேட்டான்.

1958இலும் 1983இலும் தமிழரைப் பிரித்தறிவதற்கு இச்சொல்லைச் சொல்லச் சொன்னார்கள் என்பது பலர் அறிந்த செய்தி. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலே, யோர்தான் ஆற்றுத் துறையில் ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லைச் சரியாக ஒலிக்க மாட்டாதவர்கள் கொல்லப்பட்ட செய்தி வருகின்றது. எழுத்ததிகாரத்தை இவ்வாறும் பயன்படுத்தினர் மனிதர். நான் அன்று இவை எவற்றையும் அறியேன். குழாயடியிற் சொல்வது போலவே “பால்திய” என்றேன். “இவன் யார்?” என்று ஆச்சியைக் கேட்டனர். “மகே முனுபுரா” என்றார். என் பேரன் என்பது அதன் பொருள்.

விட்டுவிட்டார்கள். ஆச்சியின் கை நடுங்கிக்கொண்டிருந்ததை அதன் பிறகே உணர்ந்தேன்.

எங்கள் சந்தின் வாயிலில் சிங்களத் துறைமுகத் தொழிலாளர் இருவர் மூன்று இரவுகள் விழித்திருந்தனர். அவர்கள் தந்தையாரோடு ஒரே குழுவிற் சுமை தூக்கியவர்கள். எங்கள் தோட்டத்திற்குள் எவரும் நுழையவில்லை. எல்லாத் தோட்டங்களுக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. கணக்கெழுதிய முதியவர் குடும்பத்தோடு கப்பலிற் காங்கேசன்துறைக்குச் சென்றார்; திரும்பவில்லை. பலர் கடல் கடந்தனர். ஒரே குழாயில் நீர் பிடித்தமை எல்லாத் தீமையையும் தடுத்தது என்று நான் எழுதினால் அது பொய். சரியாக நூறாண்டுக்கு முன், 1883 மார்ச் 25ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று, இதே கொட்டாஞ்சேனையிலே பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலகம் மூண்டது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று, எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றும் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தது. கூடி வாழ்தல் ஒருமுறை பெற்றால் என்றும் நிலைக்கும் சொத்து அன்று. தண்ணீரைப் போல அதுவும் அன்றன்று பிடிக்க வேண்டியது.

அயலவர்

1996ஆம் ஆண்டு பண்டிதர் தேர்விலே தேறினேன். அப்போது வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வெள்ளவத்தை மதிப்பான இடம் என்பது என் எண்ணம். அந்த வெள்ளவத்தையும் ஒரு காலத்திலே நெசவாலைத் தொழிலாளரின் இடம் என்பதையும், 1933ஆம் ஆண்டு அவ்வாலையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்திற் கொல்வின் ஆர். டி சில்வா போன்றோர் தொழிலாளர் பக்கம் நின்றனர் என்பதையும் பின்னரே படித்தறிந்தேன். தோட்டத்துப் பேச்சை நாவிலிருந்து துடைத்தெறிவதே அக்காலத்தில் என் தவம். ‘பாண்’ என்று சொல்ல நேர்ந்தால் ‘வெதுப்பி’ என்பேன். மாணாக்கர் நகைப்பர், நான் பெருமிதங் கொள்வேன்.

அன்பர்கள் சிறு மண்டபம் ஒன்றிற் பாராட்டுக் கூட்டம் கூட்டினர். புலவரும் அதிபரும் முன்வரிசையில் அமர்ந்திருந்தனர். ஒருவர் என் செந்தமிழ் நாவைப் புகழ்ந்து பேசி அமர்ந்த வேளையில், கதவருகே, “பால்திய!” என்று உரத்த குரல் கேட்டது. ஆச்சி நின்றார். தாயார் சொல்லக் கேட்டு, இரண்டு பேருந்து மாறி, கொக்கிசும் பணியாரமும் பொதி செய்து கொண்டுவந்திருந்தார். வயது எழுபதைக் கடந்தவர். அவை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் சிரித்தார்.

நான் எழுந்து சென்றேன். முன்வரிசையிலிருந்த பெரியவர், “இவர் யார்?” என்று வினவினார். அதே வினா, பதின்மூன்று ஆண்டுக்கு முன் வீதியிலே ஆச்சியிடம் வினவப்பட்ட வினா. நான் சொன்னேன்: “எங்கள் பழைய அயலவர்.”

இலக்கணப்படி அதிற் பிழையில்லை. ஆனால் ஆச்சிக்குத் தமிழ் தெரியும். குழாயடியிலே அறுபது ஆண்டு கேட்ட தமிழ். அவர் முகத்திற் சினம் தோன்றவில்லை. பொதியைக் கதிரையின்மேல் வைத்தார். தாயாரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அடுத்த மாதம் தோட்டத்துக்குச் சென்றபோது அவரே முன்வந்து பேசினார். நலம் கேட்டார். ஆப்பமும் தந்தார். ஆனால் என்னைப் ‘பால்திய’ என்று அழைக்கவில்லை. ‘தம்பி’ என்றும் அழைக்கவில்லை. “மாத்தயா” என்றார். கந்தோர் உத்தியோகத்தரை அழைக்கும் சொல் அது. அதன்பின் எட்டு ஆண்டுகள் அவர் வாயில் எனக்கு வேறு பெயர் இல்லை. மன்னிப்புக் கேட்க நினைத்துச் சென்ற நாள்கள் பல. எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டால் சொல்வதற்குச் சொல் அமையாமல் திரும்பினேன்.

2004ஆம் ஆண்டு அவர் மறைந்தார். வெண்கொடிகள் கட்டிய முற்றத்திலே அவருடைய மகன் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். மரண அறிவித்தலைத் தமிழிலும் எழுதித் தருமாறு கேட்டார். தோட்டத்திற் பாதிப்பேர் தமிழர் அல்லரோ? எழுதினேன். பிள்ளைகளின் பெயர், மருமக்களின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர் என வரிசையாக வந்தன. பேரப்பிள்ளைகள் என்னும் இடத்தில் எழுதுகோல் நின்றது. அங்கே என் பெயரையும் சேர்த்திருந்தால் அந்த வீட்டார் தடுத்திருக்க மாட்டார். ஆயினும், சேர்க்கவில்லை. அவர் வீதியில் வைத்துத் தந்த உரிமையை மண்டபத்தில் வைத்துக் கைவிட்டவன் நான்.

இன்று

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. நகரப் புத்தாக்கத்தின் பெயரால் வரிசை வீடுகள் இடிக்கப்பட்டன. குடியிருந்தோர் மாடிக்குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். இதனை முற்றிலும் இழப்பென்று புலம்ப நான் விரும்பவில்லை. பின்னிரவிலே எழுந்து நீருக்குக் காத்திருந்து முதுகு வளைந்தவர் என் தாயார். மூன்று கக்கூசுக்கு நூறுபேர் காத்திருப்பதில் எந்தக் கவிதையும் இல்லை. குடித்துவிட்டு வந்தோரின் கூச்சலும் வாளிச் சண்டையும் மழைக்கால நோயும் அங்கே இருந்தன. குழாய் வீட்டுக்குள் வந்தது நன்மையே. ஆனால் வாளியோடு ஒருவர் பின் ஒருவராக நின்ற இடம் போய்விட்டது. கதவுகள் மூடியிருக்கும் நெடிய மாடங்களிலே ஒருவரையொருவர் எப்பெயர் சொல்லி அழைப்பர் என்று நான் அஞ்சியதுண்டு.

அந்த அச்சத்துக்கு விடைபோல வந்தது மாணவியின் கட்டுரை. ஐந்தாம் மாடியில் ஓர் ஆச்சி இருக்கின்றார். அவர் எம்மொழியினர் என்றுகூட அச்சிறுமி எழுதவில்லை. எழுதவேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை. நானோ அவ்வுறவை ஒரு கீற்றினால் அடித்து அயலாக்கினேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தொல்காப்பியத்தின் பாயிரம், நூல் செய்தற்கு ஆராய்ந்தவற்றுள் வழக்கைச் செய்யுளுக்கு முன் வைத்திருக்கின்றது. அம்முறையை நாம் பாடம் சொல்கின்றோம். தாள் திருத்தும்போது மறந்துவிடுகின்றோம். மாணாக்கரின் எழுத்துப்பிழையைத் திருத்துவோம், சந்திப்பிழையைத் திருத்துவோம். அவர்கள் யாரை எப்பெயரால் அழைக்கின்றனரோ அதனைத் திருத்துமுன் ஒருகணம் கையை நிறுத்துவோம்.

அன்று மாணவியின் தாளில் என் திருத்தத்தை நானே அடித்தேன். அதன் மேலே ‘ஆச்சி’ என்று மீண்டும் எழுதி, பக்கத்தில் ‘சரி’ என்று குறித்துக் கொடுத்தேன். அவள் காரணம் கேட்கவில்லை.

இனி என்னை எவரேனும் எந்த ஊர் என்று கேட்டால் என் விடை இது: கொட்டாஞ்சேனை. அங்கே ஒரு தோட்டம். குழாயடிக்கு அடுத்த வீடு எங்கள் ஆச்சியுடையது. அதிலிருந்து நான்காவது எங்களுடையது.